ஏழாவது கன்னி

வடக்குப்பட்டில் புதிய தொழிற்சாலைக்கு நிலம் சமப்படுத்தியபோது, மண் லோடுகளை லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. ஏரிக்கரையில் ஊர்க்காரர்கள் கன்னிமாராகக் கும்பிட்டு வந்த ஏழு கற்களையும் ஜேசிபி ஓட்டுநர் கவனிக்காமல் மண்ணோடு வாரிக் குவித்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தக் கற்களுக்குப் பூஜை செய்கிறவர் வந்தார். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு நேராக வந்திருந்தார். நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

குவியலில் கிடந்த ஒவ்வொரு கல்லின் மீதும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். சாதாரணக் கல் நனைந்து கறுத்தது. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த கன்னியின் மேல் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டது. மதியத்துக்குள் ஆறு பேரைக் கண்டுபிடித்துத் தன் துண்டின் மேல் உட்கார வைத்தார். ஏழாவது கிடைக்கவில்லை. மண்ணைப் பறித்துப் பறித்து விரல்களில் ரத்தம் கசிந்தது.

"விடுங்கண்ணே, அதே மாதிரி வேற கல்லு வெச்சுக்கலாமே" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"உங்க வூட்டுப் பொண்ணு காணாப்பூட்டா, வேற வூட்டுப் பொண்ண இட்டாந்து நிறுத்திக்குவீங்களா சார்?"

பாட்டில் காலியானது. "இன்னும் கொஞ்சம் தண்ணி கீதா சார்?" என்றார்.

அவர் வருவதற்கு முன்பே அந்தக் குவியலிலிருந்து இரண்டு லோடு சாலை போடும் இடத்துக்குப் போய், மேலே ரோலரும் ஓடிவிட்டது. அனுப்பியவன் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டும்வரை அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.