அண்ணனுக்காக ஓடியவன்

அந்தக் கிரிக்கெட் பேட்டின் பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப் இப்போது இளகி விரலில் ஒட்டுகிறது. அண்ணனுடைய பேட். அப்பா வழியில் அவனுக்கு வந்த சொத்து, தடித்துப்போன இதயத் தசை. ஓடவே கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்லிவிட்டார்கள். பேட்டைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்பது அவன் வாதம். அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்: அவன் அடிப்பான், அவனுக்காக நான் ஓடுவேன்.

மானகிரிப் பொட்டலில் நான் ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், சிரிப்பதற்கு. அண்ணன் பந்தை ஊருணிப் பக்கம் அனுப்பிவிட்டு ஓரமாக நிற்பான். நான் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "டேய், ஓடச் சொன்னா சாமி ஊர்வலம் போறே! அங்குட்டு ஓடுறா!" என்று கத்துவான். காலையில் தின்ற பணியாரம்தான் மூச்சை அடைக்கிறது என்பேன். என் வயிற்றைப் பார்த்தவர்கள் அதை நம்பாமல் வேறெதை நம்புவார்கள்?

ஒருமுறை அண்ணனைக் காட்ட மதுரைக்குப் போயிருந்தோம். "தம்பிக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்தீகளா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவனுக்கென்ன டாக்டர், இவனுக்கும் சேத்து அவந்தான் ஓடுறான்" என்றாள் அம்மா, பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சாயங்காலத்துக்குள் என் ஸ்கேனும் வந்துவிட்டது. எனக்கும் அதே தடிப்பு. நெஞ்சு நோயாளிக்குப் பதிலாக ஓட, ஊரையெல்லாம் விட்டுவிட்டு இன்னொரு நெஞ்சு நோயாளியைப் பொறுக்கியெடுத்த குடும்பம் எங்களுடையது.

பஸ்ஸில் இதைச் சொல்லி நான்தான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. "எத்தன தடவடா ஒன்னய வெரட்டிருக்கேன்" என்றான். வீட்டுக்கு வந்ததும் பேட்டைப் பரணில் போட்டுவிட்டான். வேறு யாரையாவது ஓடவிட்டு ஆடு என்று கெஞ்சினேன். "நீ ஓடாத ரன்னு எனக்கெதுக்கு?" என்றான். அதன்பின் அவன் எதற்காகவும் வேகமாக எழுந்ததில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் போய்ச் சேர்ந்தான்.

இப்போது என்னைப் பார்க்கும் டாக்டர் நடக்கச் சொல்கிறார். "உங்க நெஞ்சுக்கு மெதுவா நடக்குறது நல்லதுதான். பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகம் போதும்." பேச்சுக்கு எனக்கென்ன பஞ்சம்? பக்கத்தில் நடக்கத்தான் ஆள் இல்லை.

இன்று காலை பரணிலிருந்து இறக்கிய பேட்டோடு பொட்டலுக்குப் போனேன். காலால் இரண்டு கோடு கிழித்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பேசிக்கொண்டே நடந்தேன். பேட்டை ஊன்றித் திரும்பிப் பார்த்து, "ஒரு ரன்னுண்ணே" என்றேன்.

திட்டு வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.