கமருன்னிஸா வீட்டு வாசல் காற்று

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு எரிவாயுக் கிணறு. அதற்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் கமருன்னிஸாவின் வீடு. கிழக்கிலிருந்து கீழ்க்காற்று அடித்தால் மண்ணெண்ணெய் போல ஒரு நாற்றம் உள்ளே வந்துவிடும். அன்றைக்கெல்லாம் அவள் கணவர் அல்லா பிச்சைக்கு மூச்சு இழுக்கும். கிணற்றுக் கசிவை அடைக்கச் சொல்லி தாலுகா ஆபீசில் இரண்டு வருஷம் மனுக் கொடுத்த பிறகு, பங்குனி மாதம் காற்றைச் சோதிக்க இரண்டு ஆய்வகத்தாரை அனுப்பினார்கள்.

முதல் ஆய்வகத்தார் புதன்கிழமை வந்தார்கள். எஃகுக் குடுவையைத் திறந்தார்கள்; ஒரு நிமிஷத்தில் காற்றைப் பிடித்து மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் அடுத்த ஆய்வகத்திலிருந்து வந்த தியாகு, கரித்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயை வாசல் தூணில் கட்டி, சின்னப் பம்பை ஓடவிட்டார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் காத்த இழுத்துக்கிட்டே இருக்கும். தொட்டுடாதீங்கம்மா."

அவள் தொடவில்லை. ஆனால் வியாழன் மஃரிப் தொழுகைக்குப் பின் சாம்பிராணி போட்டு பாத்திஹா ஓதுவது அவள் தவறவிடாத வழக்கம். வீடெல்லாம் புகை காட்டி, வாசலிலும் காட்டினாள். காலையில் சாம்பலைப் பார்த்துத் தியாகு கேட்டபோது மறைக்கவும் இல்லை; அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

சித்திரையில் தாலுகா ஆபீசில் எழுத்தர் கோவிந்தராசு ஆய்வு அறிக்கையைப் புரட்டினார்.

"குடுவைல ஒண்ணுமில்ல. குழாய்ல பென்சீன்ங்கற விஷவாயு எக்கச்சக்கம். அது உங்க சாம்பிராணிப் புகைன்னு கேஸ் கம்பெனில எழுதிக் குடுத்துட்டாங்க. மனுவ முடிச்சாச்சு."

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான் தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாவுக்குப் போட்ட புகை கம்பெனிக்குச் சாட்சி சொல்லிருச்சே, லாத்தா!"

கமருன்னிஸா மேசையை ஒட்டி வந்து நின்றாள். "புதங்கெழம மேகாத்துங்க. கிணறு கிழக்கால இருக்கு. நாத்தம் அந்தப் பக்கம்ல போயிருக்கும்? வியாழக்கெழமதான் கீழ்க்காத்து."

"காத்தடிச்ச திசையெல்லாம் ரிப்போர்ட்ல வராதும்மா."

"அப்ப என் சாம்பிராணி மட்டும் எப்படிங்க ரிப்போர்ட்ல ஏறுச்சு?"

கோவிந்தராசு புது மனு எழுத ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். குடுவையையும் குழாயையும் ஒரே நாளில், ஒரே தூணில், கீழ்க்காற்று அடிக்கும்போது வைக்க வேண்டும் என்று அவள் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தாள்.

"மூணு மாசம் ஆகும்மா."

"ஆடி வந்துருமேங்க! மேகாத்துல வந்து என்னத்தப் புடிப்பீங்க?"

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கமருன்னிஸா நகரவில்லை.

"ஆடிக்கு முன்னால ஒரு தேதி போட்டுக் குடுங்க. அப்பறம் கூப்பிடலாம்."