அடியில் ஒரு புள்ளி

எனக்கு யாரையும் எளிதில் நம்பத் தெரியாது. டீக்கடைக்காரர் என்னைத் "தம்பி" என்று கூப்பிட்ட அன்றே சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை "ஏய்", "இந்தாடா" இரண்டும்தான் அவர் எனக்கு வைத்திருந்த பெயர்கள்.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் எனக்கு அச்சில் களிமண் கூழ் ஊற்றும் வேலை. என்னோடு தபால் வழியில் பி.ஏ. படித்த நண்பன் அதே பட்டறையில் கோப்பைகளுக்கு பிரஷ்ஷால் வரி இழுப்பான். அவன் குடும்பத்துக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் நிலபுலன் உண்டு. நான் காலனி. பட்டறைக்கு எதிர்த்த டீக்கடையில் அவன் பெஞ்சில் உட்காருவான், நான் வெளியே கருங்கல்லில். எனக்கான கிளாஸ் தட்டியில் தனியாகத் தொங்கும்; குடித்ததும் நானே கழுவி மாட்ட வேண்டும். பெஞ்சு நுனிக்கும் கல்லுக்கும் நடுவில் புத்தகத்தை விரித்துப் பரீட்சைக்குப் படித்தோம்.

அந்த வருடத் தாள் அமெரிக்க அரசாங்கம். அதிபர், காங்கிரஸ், நீதிமன்றம் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று கண் வைத்திருக்கும்படி எழுதிய அரசியல் சட்டம். யாரையும் முழுசாக நம்பாதே என்கிற அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குடிமை உரிமைப் பாடத்தை அவன் கேள்வி கேட்க, நான் சத்தமாக ஒப்பிப்பேன். கறுப்பின மக்களுக்குத் தனி ரயில் பெட்டி வைக்கலாம், தரம் ஒன்றாக இருந்தால் போதும், "தனித்தனி, ஆனால் சமம்" என்று முதலில் நீதிமன்றம் சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட வழக்கில், பிரித்து வைப்பதே சமமில்லை என்று அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. பிறகு ஓட்டல், சாப்பாட்டுக் கடை எதிலும் பிரிக்கக் கூடாது, மீறினால் வழக்கு என்று சட்டமே வந்தது.

கடைக்காரர் காதில் அமெரிக்கா விழவில்லை. கடையும் கோர்ட்டும் கேஸும் மட்டும் விழுந்திருக்கின்றன. நண்பனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

"நீ அவரு மேல கேஸு போடப்போறன்னு நெனச்சிக்கிட்டாரு. தூக்கமே இல்லியாம் மனுசனுக்கு."

"இல்லன்னு சொன்னியா?"

"சொன்னேன். நம்பல."

கொஞ்ச நாளில் தட்டியிலிருந்த கிளாஸ்கள் காணாமல் போயின. எல்லோருக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பை, எங்கள் பட்டறைச் சரக்குதான். கடைக்காரர் பெஞ்சின் கோடியில் எனக்கு இடம் காட்டினார். "வச்சிட்டுப் போ தம்பி, நான் கழுவிக்கிறேன்" என்றார். நண்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, நாம படிச்சது வேலை செய்யுது."

"எனக்கென்னமோ இடிக்குது."

"ஒனக்கு எதுதான் இடிக்கல? நல்லது நடந்தாலும் நோண்டிப் பாப்ப."

நோண்டித்தான் பார்த்தேன். பீங்கான் வேலை செய்கிறவர்கள் எங்கே கோப்பையில் குடித்தாலும், முடித்ததும் எந்தப் பட்டறைச் சரக்கு என்று கவிழ்த்து அடியைப் பார்ப்போம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடப் பார்ப்போம். கை அதுவாகத் திரும்பும். என் கோப்பையின் அடியில், ஓரமாக, மிளகு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி. மறுநாளும் இருந்தது. காலனியிலிருந்து வரும் மற்றவர்கள் குடித்து வைத்த கோப்பைகளையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி. ஊர்க்காரர்கள் வைத்தவற்றில் இல்லை. கழுவும் இடத்தில் இரண்டு வாளி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்டாக இருந்தால் உரிந்திருக்கும். இது கண்ணாடி மெருகுக்கு அடியில் இருந்தது, சூளைக்குப் போகும் முன்பே பிரஷ்ஷால் வைத்தது. எங்கள் பட்டறையில் பிரஷ் பிடிப்பவன் ஒருவன்தான். அவன் அந்தக் கடையில் மட்டும் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்ததே இல்லை என்பதும் அப்போது உறைத்தது. ஊரில் எவனை வேண்டுமானாலும் சந்தேகப்படுவேன், இவனைப் படக்கூடாது என்று வைத்திருந்தேன்.

மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"புள்ளி நீ வச்சதா?"

புத்தகத்தை மூடினான். "கடக்காரரு கேட்டாரு."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன்." புத்தக அட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். "தட்டியில தொங்குன கிளாஸுக்கு இது எவ்வளவோ தேவலன்னு தோணுச்சி. அவரு இந்த அளவுக்கு எறங்கி வந்ததே பெருசு. ஒரே மண்ணு, ஒரே சூளை, ஒரே டீ. ஒனக்குத் தெரியாமலே இருந்திருந்தா என்னா கொறஞ்சிருக்கும்?"

"அப்ப ரெண்டும் சமம்?"

"சமம்தான்யா."

கடைக்காரர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். நண்பனுடைய கோப்பையை நான் எடுத்துக்கொண்டேன். என்னுடையதை அவன் பக்கம் தள்ளினேன்.

"குடி" என்றேன்.

கோப்பையின் காதில் விரலைக் கொடுத்தான். கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டான். நான் நிதானமாகக் குடித்து முடித்து, வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை. அவன் முன்னால் டீ ஏடு கட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் மணி அடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கோப்பை நிறைய அப்படியே இருந்தது.