அப்பா சொன்ன வான்கோழிப் பெயர்க்கதை

எங்கள் அப்பா போய் ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு ஆராதனை முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை சுமந்தவரின் மகனாகப் பிறந்த அப்பா, அரைவயிற்றோடு படித்துத் தாயில்பட்டியில் ஆங்கில ஆசிரியரானார்கள். திருத்தங்கலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார்கள். பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பட்டாசு வேலைக்காரர்கள். எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் வகுப்பே எழுந்து நின்றுவிடும். எந்தக் கம்பெனியில் வெடித்தது என்று தகவல் வரும்வரை அப்பாவால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வான்கோழிக்குப் பெயர் வந்த கதையைச் சொல்வார்கள்.

வான்கோழி அமெரிக்கப் பறவை. துருக்கி வியாபாரிகள் கொண்டுவந்த கினிக்கோழியோடு அதைக் குழப்பிக்கொண்ட ஆங்கிலேயர் 'டர்க்கி' என்றார்கள். துருக்கியரோ அது இந்தியாவிலிருந்து வந்ததாக நினைத்து 'ஹிந்தி' என்றார்கள். "நம்மகிட்ட கேட்டா வானத்தைக் கைகாட்டுறோம். இது எங்க ஊருதுன்னு ஒருத்தனும் சொல்லலையேலே!" என்பார்கள் அப்பா. பிள்ளைகள் காதை வாசலில் வைத்துக்கொண்டே சிரிப்பார்களாம்.

பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சு நின்றுபோனது. தெரிந்த கதையைச் சொல்லி, முக்கியமான சொல்லை மட்டும் அவருக்கு விட்டுவையுங்கள் என்றார் மருத்துவர். நாங்களும் வந்தவர்களும் வான்கோழிக் கதையைத்தான் சொன்னோம். "துருக்கிக்காரங்க என்ன பேரு வச்சாங்க, சொல்லுங்கப்பா" என்று நிறுத்துவேன். உதடு துடிக்கும். கண் என் முகத்திலேயே நிற்கும். சத்தம் வராது. சமையல்கட்டில் போய் அழுதுவிட்டு வந்து மறுபடியும் கேட்பேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், "போதும் தாயி, அவுகளைப் படுத்தாத" என்று என்னை எழுப்பிவிட்டு அருகில் உட்கார்ந்தார்கள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க" என்று கதை முழுவதையும் எங்கும் நிறுத்தாமல் சொன்னார்கள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார்கள். அந்த வாரமே போய்விட்டார்கள்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த செவிலியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், பட்டாசு சீசன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. கட்டிலருகே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, ஒன்றும் வராமல் தலைகுனிந்து எழுந்துபோனவர்கள் உங்களில் பலர். உங்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். விடை அப்பாவுக்குத் தெரியும்.