ரெண்டு சுத்து சகலை

என் சகலைக்கு ஐம்பது வயதாகிறது. அவருடைய மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய், "அப்பாவைப் பத்தி மனசுல பட்டதை எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். என்னிடமும் வந்தாள். "நல்ல உழைப்பாளி. நிதானமானவர். நீடூழி வாழ்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா பெரியப்பா?" என்றாள். இவ்வளவு இல்லைதான். மீதி அந்த நோட்டில் எழுதக்கூடியது அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் பொறாமை. சும்மா ஓரமாக இருக்கும் பொறாமை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கூடவே வந்து உட்காருகிற பொறாமை. வாயில் எப்போதும் "வாங்க சகலை, போங்க சகலை" என்றுதான் வரும். மனசுக்குள் பல நாள் அவன், இவன்தான். இங்கே மரியாதைக்கு அவர் என்றே எழுதுகிறேன்.

அவரைத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே நான்தான். அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். அப்போது அவர் ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியை இழுத்து மூடினார்கள். என் மனைவி மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள், தங்கை வீட்டில் உலை வைக்க வழியில்லை என்று. சரி, வரட்டும் என்றேன். பதினைந்து வருஷமாக நான் தனியாளாக நடத்திய கார் ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு ஆளுக்கு இடம் போட்டேன். என் ஸ்பேனர், என் ஜாக்கி, நான் போட்டுக் கொடுத்த ஸ்டூல்.

ஏழு வருஷம் ஆகிறது. இப்போது வருகிறவர்கள் எல்லாம் ஸ்டூலில் இருப்பவரைத்தான் தேடுகிறார்கள்.

அவர் செய்கிற வேலையைப் பார்த்தால் எரிச்சல் வரும். எல்லாரும் வேலை முடிந்த பிறகு கை கழுவுவார்கள். அவர் ஆரம்பிக்கும் முன்பும் கழுவுவார். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பெயிண்டால் உருவம் வரைந்து வைத்திருக்கிறார், எது இல்லையோ அந்த இடம் காலியாகத் தெரிய வேண்டுமாம். சட்டைப் பையில் அவர் மனைவியின் சிவப்பு நகப்பாலிஷ் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். எதைக் கழற்றினாலும் முதலில் அதில் ஒரு புள்ளி வைப்பார். "என்ன சகலை, வண்டிக்கு மருதாணியா?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு அடுத்த புள்ளியை வைப்பார். வாயில்லாப்பூச்சி. அதுவும் ஒரு எரிச்சல்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ரெண்டு சுத்து. டைமிங் பெல்ட் மாற்றினால் அவர் உடனே சாவியைத் தொட மாட்டார். எஞ்சினுக்கு அடியில் ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். இரண்டையும் கட்டிப்போடுவதுதான் அந்த பெல்ட். கீழே பிஸ்டன் ஏறும் நேரத்தில் மேலே வால்வு மூடியிருக்க வேண்டும். பல் மாறி மாட்டினால் இரண்டும் முட்டிக்கொள்ளும், வால்வு வளைந்தால் எஞ்சினே போச்சு. கீழ்ச் சக்கரம் இரண்டு முறை சுற்றினால்தான் மேல் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதனால் இவர் கீழே நட்டில் ஸ்பேனரைப் போட்டு, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி, மெதுவாகக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பார். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுவார். சுற்றி முடித்துக் குறி இரண்டும் நேராக நின்றால்தான் சாவி. வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ரெண்டு சுத்து மெக்கானிக்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நானும் ஆரம்ப காலத்தில் சுற்றியவன்தான். அவருக்கு அந்தப் பெயர் வந்த அன்றிலிருந்து விட்டுவிட்டேன். நான் சுற்றினால் அவரைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன் என்று ஆகிவிடும் இல்லையா.

இப்போது டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. பதினான்கு வருஷமாக என் வாடிக்கை. முன்பு ஒரு பழைய வண்டி, இப்போது ஒரு வெள்ளைக் கார், எதையும் என்னைத் தவிர யாரையும் தொட விட்டதில்லை. போன வருஷம் பிரேக் சத்தத்துக்காக வந்தபோது நான் வெளியே போயிருந்தேன், சகலை பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த முறை வந்து, "அவர் இருக்காரா?" என்று கேட்டார். பதினான்கு வருஷத்தை ஒரு பிரேக் சத்தம் சாப்பிட்டுவிட்டது. வயிறு எரிந்தது என்று எழுதினால் குறைவு.

அந்த வெள்ளைக் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றும் கெடு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்து நிறுத்தினார். அன்று சகலை லீவு. மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். மூத்த மாப்பிள்ளை நான் இருக்கும்போது மாமியாரும் அவரைத்தான் கூப்பிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அவர் இல்லையா?" என்றார் டீச்சர்.

"நான் இருக்கேனே டீச்சர்."

"இல்ல, நாளைக்குக் காலைல தங்கச்சியைப் பாக்க தூரமாப் போகணும். வண்டி சரியா இருக்கணும்னு கேட்டேன்."

"சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க. ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்கேன்."

அந்த ஒரு வண்டியைத் தனியாக முடித்துக் கொடுத்துவிட்டால் டீச்சர் மறுபடி என் பக்கம் வந்துவிடுவார். அன்று எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் மூடியைக் கழற்றி, பழைய பெல்ட்டை எடுத்துவிட்டேன். எடுத்ததும் மேல் சக்கரம் ஒரு துள்ளு துள்ளி இடம் மாறியது. அது எப்போதும் நடப்பதுதான். குறியைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். கம்பெனிக்காரன் போட்ட குறி ஒரு சின்னக் கோடு. மேலே அழுக்கும் கிரீஸும் அப்பியிருந்தன. துடைக்கலாம் என்று வேஸ்ட் துணியை எடுக்கும்போது கண்ணில் பட்டது, சிவப்பாக ஒரு புள்ளி. நகப்பாலிஷ். அந்த பிரேக் வேலைக்குப் பிறகு ஒரு தடவை, தண்ணீர் பம்ப் ஒழுகியதற்காக இதே வண்டியின் பெல்ட்டைச் சகலை கழற்றி மாட்டியிருந்தார்.

அந்தப் புள்ளியை நேராக வைத்து பெல்ட்டை மாட்டினேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை. நகப்பாலிஷை அவ்வளவு கிண்டல் செய்தவன். ஆனால் அவர் வைத்த புள்ளி தவறாக இருக்கும் என்று ஒரு நொடி கூட எனக்குத் தோன்றவில்லை. துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ரெண்டு சுத்தும் போடவில்லை. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. சுற்றலாமா என்று கை போனது. போடா என்று கையைத் திட்டிவிட்டு சாவியைத் திருப்பினேன்.

செல்ஃப் மோட்டார் சுற்றியது. ஆனால் சத்தம் சரியில்லை. எப்போதும் திணறித் திணறிச் சுற்றும், இது லேசாக ஓடியது, உள்ளே பிடிப்பே இல்லாத மாதிரி. நடுவில் ஒரு தரம் டப் என்று காற்றுக் குழாய் வழியாக இருமியது. ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடி இருமல்.

பெல்ட் வேலை முடித்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ள எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மூடியைத் திறந்தால் தப்பு என் கையில் என்று ஆகிவிடும். அதனால் பேட்டரியைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பெட்ரோல் பம்ப் சத்தத்தைப் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டேன், கேட்டது. கீழ்ச் சக்கரத்துப் பக்கத்துச் சென்சார் வயரைக் கழற்றி மாட்டினேன். நாலு பிளக்கையும் புதுசு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாவி. ஆறாவது தடவை திருப்பும்போது கை வியர்த்துச் சாவி வழுக்கியது. ஒருவேளை ஏற்கெனவே வால்வு வளைந்திருந்தால்? டீச்சருக்கு என்ன சொல்வேன்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றரை மணிக்கு சகலை வந்து நின்றார். மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு, சும்மா எட்டிப் பார்க்க வந்தாராம். சட்டைப் பையில் நகப்பாலிஷ் பக்கத்தில் கண் சொட்டு மருந்து.

"டீச்சர் வண்டியாண்ணே?"

"பிளக்ல ஏதோ கோளாறு. பாத்துட்டிருக்கேன்."

நான் சாவியைத் திருப்பினேன். அவர் பானட்டுக்குள் தலையை விட்டு அரை நிமிஷம்கூடக் கேட்கவில்லை.

"அண்ணே, சாவியத் தொடாதீங்க."

அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. நான் சாவியை எடுத்துவிட்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்தார். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, கீழே ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றினார். எங்கேயும் முட்டவில்லை. கீழ்க் குறி நேராக வந்ததும் நிறுத்தி, மேல் சக்கரத்தை வேஸ்ட் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். சிவப்புப் புள்ளிக்கு இரண்டு பல் தள்ளி, கம்பெனிக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"இந்தப் புள்ளி அன்னிக்கு பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டறதுக்காக வெச்சதுண்ணே. எஞ்சின் எங்க நின்னுச்சோ அங்க வெச்சேன். டைமிங் குறி இல்ல."

"ஓ" என்றேன்.

ஏன் துடைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பெல்ட்டைக் கழற்றி, கோட்டைப் பார்த்து மாட்டினார். பிறகு ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சுத்துங்கண்ணே."

சுற்றினேன். ஒன்று. இரண்டு. குறிகள் இரண்டும் நேராக வந்து நின்றன. வால்வு வளைந்திருக்கிறதா என்பது அப்போதும் தெரியாது. பிளக் ஓட்டையில் மீட்டரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தோம். வளைந்திருந்தால் முள் ஏறாது. முதலாவது ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும். நாலாவதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அதுவும் ஏறியது. தப்பித்தேன். பிளக்குகளைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே தொடலில் எழுந்தது.

உயிர் திரும்பி வந்த அதே நிமிஷம் பொறாமையும் திரும்பி வந்துவிட்டது. அதற்கு பேட்டரியே வேண்டாம்.

சொன்னபடி அஞ்சரைக்கு டீச்சர் வந்தார். பெஞ்சில் கிடந்த பழைய பிளக்குகளையும், துடைக்காமல் இருந்த என் முகத்தையும் பார்த்தார். "ஏதாவது பிரச்சினையா?" என்றார். பிளக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"என் தப்பு டீச்சர். முன்னாடி நான் வெச்ச ஒரு குறியை அழிக்காம விட்டுட்டேன். அதனால பெல்ட் ரெண்டு பல்லு மாறிடுச்சு. சரி பண்ணி, நாலு சிலிண்டரும் செக் பண்ணியாச்சு. தைரியமாப் போய்ட்டு வாங்க."

டீச்சர் சகலை பக்கம் திரும்பினார். பிறகு, "என் சர்வீஸ்ல தப்பை இப்படி ஒத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு நல்ல ஆள் கெடச்சிருக்கார்" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். வண்டி கிளம்பிப் போனது.

அன்று ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களைக் காப்பாத்தியிருக்காரு, அதுக்கும் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கணுமா?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. வாடிக்கையை எடுத்துக்கொண்டார், மாமியாரை எடுத்துக்கொண்டார், சரி. கடைசியில் என் தப்பையும் எடுத்துக்கொண்டார். அதற்குக் கிடைத்த மரியாதை முழுக்க என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். தப்பு செய்தது நான். வாயைத் திறந்திருந்தால் அந்த "இப்படி ஒத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல" எனக்கு வந்திருக்கும்.

அதை எப்படியும் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லவனாகித் திருந்திச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமையில்தான் சொன்னேன். ஆறு மாதம் கழித்து டீச்சர் ஆயில் மாற்ற வந்தார். சகலை ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் டீச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு பெல்ட் விஷயத்துல தப்பு அவர் மேல இல்ல. நான்தான் குறியைத் துடைக்காம மாட்டினேன். சுத்திப் பாக்காம சாவியப் போட்டதும் நான்தான்."

டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான், வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சகலையை விட்டுக் குடுக்க மாட்டீங்க போலருக்கே" என்றார். "அவருக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு."

"இல்ல டீச்சர், நெஜமாவே..."

"எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல தெனம் பாக்கறேன், ஒருத்தனுக்காக இன்னொருத்தன் எந்திரிச்சு நிக்கறதை." அவர் சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அவசரமில்ல, நான் உக்காந்திருக்கேன். அவர் வெளில வந்ததும் வண்டிய அவரே பாக்கட்டும்."

நான் வேனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "சகலை, டீச்சர் வந்திருக்காங்க" என்று சொல்லிச் சாவியை அவரிடம் நீட்டினேன்.