பத்துப் பாகம் ஆழமும் இடுப்பளவு நீரும்

கல்லூரியின் இரண்டாம் ஆண்டில், எங்கள் விலங்கியல் மன்றத்தின் கடற்பயணத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும் விவாதத்தில் நான் வென்றேன். ஒரு நாள் முழுதாகக் கழிவதற்குள் அந்த வெற்றியை என் கையாலேயே உடைக்க வேண்டியதாயிற்று. மேடையில் பெற்ற கைதட்டல்களை நான் மறப்பவனல்லன். அன்று பெற்றதை மட்டும் நினைவிலிருந்து நீக்க முயன்று, முடியாமல், இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் இறுதி. திருச்சிராப்பள்ளியில் அந்தக் கல்லூரியின் மன்றத்தில் நாங்கள் முப்பத்து நான்கு பேர். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பயணநிதி ஒரே ஒரு பயணத்திற்குத்தான் காணும். போட்டியிலிருந்த இடங்கள் இரண்டு.

ஒன்று தூத்துக்குடி. முத்துச்சிப்பிகள் படிந்து கிடக்கும் பாறைத்திட்டுகளுக்கு மேலே படகில் அழைத்துச் சென்று, முதுகில் காற்று உருளை ஒன்றைக் கட்டிப் பத்துப் பாகம் இறக்கிக் காட்டுவதாக ஒரு படகுக்காரர் கடிதம் எழுதியிருந்தார். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். அப்படிப் பத்து. உருளை ஒன்றே ஒன்றுதான். இறங்கப் போகிறவரும் ஒருவர்தான். படகுக்கும் உருளைக்குமான வாடகை எங்கள் நிதியில் முக்கால் பங்கை விழுங்கிவிடும்.

மற்றது மண்டபம். அங்கே தீவுகளை ஒட்டிய இடுப்பளவு நீரில் நின்று, கண்ணாடி பதித்த முகமூடியை அணிந்து குனிந்தாலே பவளப்பாறைகள் தெரியும். செலவு பாதி.

மன்றத் தலைவர் எங்கள் விலங்கியல் விரிவுரையாளர். தவளையின் நரம்புகளை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தாரோ அவ்வளவு நுணுக்கமாகக் கூட்ட நடைமுறைகளையும் அறிந்தவர். அவர் வகுத்த விதிகளில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். தீர்மானத்தை முன்மொழிந்து வென்றவரே அதை நடத்திவைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நிறைவேறிய தீர்மானத்தை மறுபடியும் எடுக்க வேண்டுமானால், வென்ற பக்கத்தில் வாக்களித்த ஒருவர்தான் எழுந்து கேட்கலாம். “தோத்தவன் எந்திரிச்சுக் கேட்டா அது அழுகை. ஜெயிச்சவன் கேட்டாத்தான் அது யோசனை” என்பது அவருடைய விளக்கம்.

மாணவர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால் அழைத்துக்கொள்வோம். நான் ஸ்ரீரங்கம். கோடையில் காவிரி மணலில் நின்று, எதிர்க்கரையில் துணி உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை குரலைப் பழக்கியவன். எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் விழும் என்பதை மூச்சின் கணக்காகவே அறிந்திருந்தேன். தூத்துக்குடிக்காக நான் முன்மொழிந்தேன். மண்டபத்திற்காக எழுந்தவன் மருங்காபுரி. மானாவாரி நிலத்து உழவர் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் எப்போதும் இடதுபக்கச் சுவரோரம் உட்காருவான். கூப்பிட்டால் பல சமயம் திரும்பமாட்டான். அதைச் செருக்கு என்று நான் எண்ணியிருந்தேன்.

அவன் பேச்சு மிகச் சிறியது.

“தலைவரே, நான் பேச்சாளர் இல்லீங்க. ஒரே கணக்குதான். தூத்துக்குடியில ஒருத்தர் கீழ போவாரு. மிச்சம் முப்பத்து மூணு பேரும் படகுல குந்திக்கிட்டு, கயித்தப் பாத்து வாந்தி எடுப்போம். மண்டபத்துல முப்பத்து நாலு பேரும் பாக்கலாம். எல்லாரு காசும்தானுங்களே அது.”

அவையில் தலைகள் அசைந்தன. அந்தக் கணக்கு சரியானது என்பதை நான் அப்போதே உணர்ந்தேன். சரியான கணக்கை எதிர்கொள்ளும்போது கணக்கைத் தொடாமல் கணக்கிட்டவனைத் தொட வேண்டும் என்பது எனக்குப் பயிற்சியில் வந்திருந்த பாடம்.

“தலைவர் அவர்களே, கொற்கையின் முத்துகளைக் கடல் கடந்து வந்தவர்கள் பொன் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கடலின் அடித்தளத்தை நம்முள் ஒருவர் தம் கண்ணால் காண்பது, முப்பத்து நால்வர் முழங்கால் நீரில் நின்று மீன் தொட்டியை எட்டிப் பார்ப்பதற்கு ஈடாகுமா? ஓர் இடத்தின் மதிப்பைத் தலைகளை எண்ணியா அளப்பது?” என்று தொடங்கி, குரலைப் படிப்படியாக உயர்த்தி, மருங்காபுரியின் பக்கம் திரும்பி நின்று முடித்தேன். “ஆழத்திற்கு அஞ்சுகிறவர் சிக்கனத்தின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறார்.”

அங்கே நிறுத்தினேன். கைதட்டல் விழுந்தது. பின்வரிசையில் எவனோ மேசையைத் தட்டினான். மருங்காபுரியின் முகம் சிவந்தது.

“நான் ஒண்ணும் அஞ்சலீங்க” என்றான் அவன். “அந்த உருளையைக் கட்டிக்கிட்டு நானே இறங்குறேன். எழுதிக்குங்க.”

செயலாளரான மூன்றாம் ஆண்டு மாணவர் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு பேர் தூத்துக்குடிக்குக் கை தூக்கினார்கள். முதல் விதியின்படி தீர்மானத்தை நடத்திவைக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது: மருங்காபுரி கடலில் இறங்கும்போது, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகிலிருந்து பிடிப்பவன் நான். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டக் குறிப்பு படித்துக் கையெழுத்தாகும் என்றும், நண்பகலுக்குள் படகுக்காரருக்கு முன்பணம் மணியார்டரில் போய்விடும் என்றும் செயலாளர் அறிவித்தார்.

மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். என்னைத் தாண்டிப் போன இரண்டு வகுப்புத் தோழர்கள், “கொற்கை மன்னரே, வணக்கம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அப்போதுதான் மருங்காபுரி என் இடப்பக்கமாக வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு” என்றான்.

“சொல்லமாட்டேன். என்ன?”

“எனக்கு இடது காது கேக்காது.”

பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவன் குரலை உயர்த்தவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மழை பெய்து கிணறு நிறைந்திருந்த நேரத்தில், மாடு இழுத்த கயிறு அறுந்து நீரிறைக்கும் இரும்புச் சால் கிணற்றின் அடிக்குப் போயிற்றாம். அவன் முங்கினான். இரண்டு முறை எட்டவில்லை. மூன்றாம் முறை சாலைப் பிடித்த கணத்தில் காதுக்குள் ஏதோ வெடித்தது. மேலே வந்தபோது தரை எது, வானம் எது என்று தெரியவில்லை. அன்றோடு அந்தக் காது போயிற்று.

“அது அஞ்சு ஆள் ஆழம்தான் இருக்கும். இப்ப ஒரு ஆள் ஆழம் முங்கினாலே வலது காதும் இடிக்குது. இதுவும் போயிடும், ஆழத்துக்குப் போகவே கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. நீ பத்துப் பாகம்ங்கிற.”

“தெரிஞ்சும் ஏன் இறங்குறேன்னு சொன்ன?”

“நீதானே சொல்ல வச்ச.”

“தலைவர்கிட்ட நேராப் போய்ச் சொல்லிடேன். அவர் உன் பேரை எடுத்துடுவாரு” என்றேன்.

“எடுத்துடுவாரு. அப்புறம்? ரயில்வே ஆபீஸ்ல குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருக்கேன். உடம்புல குறை ஒண்ணும் இல்லன்னு காலேஜ்லேருந்து கையெழுத்து வேணும். அதைப் போடறவரே அவருதான். எங்க வீட்டுல இந்த வேலையை நம்பித்தான் என்னைப் படிக்க அனுப்பிச்சாங்க.”

“சும்மா மனசு மாறிட்டேன்னு சொல்லு.”

“முப்பத்து மூணு பேர் முன்னாடி அஞ்சலன்னு சொல்லிட்டு, மறுநாளே மாறிட்டேன்னு சொல்லவா? அதுக்கு இறங்கியே தொலையலாம்.” அவன் மூச்சை இழுத்து விட்டான். “நான் தோத்தவன். நான் கேட்டா செல்லாது. ஜெயிச்சவங்கள்ல இது தெரிஞ்ச ஆளு இப்ப நீ ஒருத்தன்தான்.”

“என்ன காரணம் சொல்றது?”

“பேச்சாளர் நீ. என் காதைத் தவிர வேற எதை வேணாலும் சொல்லிக்க.”

என் பஸ் வந்தது. அவன் போய்விட்டான்.

இதை எழுதுவதற்கு அவனிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். ரயில்வே வேலை வேறொரு காரணத்தால் அவனுக்குக் கிடைக்கவில்லை; இப்போது மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். அன்று அவன் மறைத்தது முறையா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அதில் தீர்ப்பளிக்கும் தகுதியை அன்று பிற்பகலே நான் இழந்திருந்தேன்.

காவிரிப் பாலத்தைப் பஸ் கடக்கும்போதே என் மனம் மறுநாள் பேச்சைக் கட்டத் தொடங்கியது. செலவு மிகுதி என்று சொல்லலாமா? சிக்கனத்தை இழித்துரைத்தவன் நான். முப்பத்து மூவர் ஒன்றும் காணமாட்டார்கள் எனலாமா? தலைகளை எண்ணாதீர்கள் என்றவனும் நானே. ஆபத்து என்று தொடங்கினால், யாருக்கு ஆபத்து என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேரே மருங்காபுரியிடம் போய் நிற்கும். ஒவ்வொரு வாயிலையும் அன்று பிற்பகல் நானே செங்கல் வைத்து அடைத்திருந்தேன். என் பேச்சின் கட்டுமானத்தில் ஒரு பிளவையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடிய எனக்கு, அது எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தது என்பதே திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதில் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காலை பத்து மணி. செயலாளரின் சட்டைப்பையில் நிரப்பிய மணியார்டர் படிவம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் வரவில்லை, மற்றவர்கள் வந்திருந்தார்கள். கூட்டக் குறிப்பு படிக்கப்பட்டது. தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நான் எழுந்தேன். “தலைவர் அவர்களே, தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்குமாறு கோருகிறேன்.”

பேனா நின்றது. “நீங்களா?” என்றார் தலைவர். “காரணம்?”

மருங்காபுரி என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் நன்றி இல்லை, அச்சம் இருந்தது. என் வாயிலிருந்து அவன் காது வெளிவந்துவிடுமோ என்ற அச்சம்.

“நேற்று நான் கூறியவற்றுள் எதையும் நான் கண்டறிந்து கூறவில்லை. நான் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை” என்றேன்.

சிரிப்பு எழுந்தது. செயலாளர், “அப்ப நேத்து பேசினதெல்லாம் என்னங்க?” என்றார்.

“பேச்சு.”

“இன்னிக்குப் பேசறது?”

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மருங்காபுரி பயந்துட்டாரு. ஸ்ரீரங்கம் வக்காலத்து வாங்கிட்டு வந்திருக்கு.”

மருங்காபுரி சட்டென்று எழுந்தான். “யாரும் எனக்காகப் பேச வேணாம். நான் இறங்குறேன்னா இறங்குறேன்தான்.” இன்னும் ஒரு சீண்டல் வந்தால் அவன் எதையாவது கொட்டிவிடுவான், அல்லது பத்துப் பாகம் போயே தீருவான். இரண்டையும் தடுக்க எனக்கு ஒரு வாக்கியத்துக்குத்தான் இடமிருந்தது.

“பயந்தவர் அவர் அல்லர். நான்” என்றேன். “கயிற்றைப் பிடிக்க வேண்டியவன் நான். கீழே இருப்பவர் கயிற்றை ஒருமுறை இழுத்தால் என்ன பொருள், இருமுறை இழுத்தால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாது. அலை இழுத்ததா, ஆள் இழுத்தாரா என்பதும் தெரியாது. படகில் நிற்கவே முடியுமா என்றும் தெரியாது. அவருடைய உயிர் என் கையில் இருக்கும்; என் கைக்கு மைக்கைப் பிடிக்க மட்டுமே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.”

இம்முறை சிரிப்பு எழவில்லை. அதைவிடக் கொடிய ஓர் அமைதி. கைதட்டலுக்காக நான் நிறுத்திய அமைதிகளை அறிவேன். இது வேறு.

“கயித்தை வேற யாராவது பிடிச்சா?” என்றார் செயலாளர்.

தலைவர் அவரைக் கையமர்த்தினார். “முன்மொழிஞ்சவரே நடத்தணும்ங்கிறது விதி. ஆனாலும் கேக்கறேன், வேற யாரு பிடிக்கிறீங்க? கை தூக்குங்க.”

எவரும் தூக்கவில்லை. பின்வரிசைக் குரலும் எழவில்லை. படகுக்காரரே பிடிக்கலாமே என்று எவரேனும் கேட்டிருந்தால் என் வாதம் அங்கேயே சரிந்திருக்கும். அந்தக் கேள்வி வருமோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

“சரி. மறுபடி வாக்கு” என்றார் தலைவர். “தூத்துக்குடி?”

கைகள் எழுந்தன. முதலில் எழுந்த கைகளில் ஒன்று மருங்காபுரியுடையது. நேராக, விறைப்பாக, என்னைப் பாராமல் தூக்கியிருந்தான். அவன் வேறு எப்படித் தூக்க முடியும்? செயலாளர் ஒருமுறை எண்ணி, ஐயம் தோன்றி, மீண்டும் எண்ணினார். பதினாறு.

“மண்டபம்?”

நான் என் கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்க்கும் துணிவு வரவில்லை. செயலாளரின் உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு. பதினைந்து. பதினாறில் சற்று நின்றார். சன்னலோரத்தில் யாரோ தயங்கித் தயங்கித் தூக்கியிருக்க வேண்டும். “பதினேழுங்க” என்றார்.

தலைவர் பழைய தீர்மானத்தின் மேலும் அதிலிருந்த மருங்காபுரியின் பெயர் மேலும் கோடிழுத்து, மணியார்டர் படிவத்தைக் கேட்டு வாங்கி இரண்டாகக் கிழித்தார். வெளியேறும்போது செயலாளர் என்னை நிறுத்தினார். “அடுத்த மாசம் சுழற்கோப்பைப் பேச்சுப் போட்டிக்கு உங்க பேரைக் குடுத்திருந்தேன். எடுத்துடறேன். நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணுன்னா காலேஜ் பேரு என்னாகும்?” இரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த மேடை அது. என்னிடம் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சொல்லக்கூடிய காரணம் இல்லை. “எடுத்துடுங்க” என்றேன்.

வாக்கு எண்ணியதுமே வெளியேறிவிட்ட மருங்காபுரி மாடிப்படியின் திருப்பத்தில் நின்றிருந்தான்.

“என் பேரை அடிச்சாச்சா?”

“அடிச்சாச்சு.”

“கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

அவன் தலையசைத்தான். இரண்டு படிகள் இறங்கிய பிறகு திரும்பினான்.

“இனிமே மேடையில என் பக்கம் திரும்பி நின்னு பேசாத” என்றான்.

“பேசமாட்டேன்” என்றேன். அவன் முன்னே இறங்கிப் போனான். நான் அங்கேயே நின்றேன்.