விமானத்துக்கு விரித்த வேட்டி

எங்கள் ஊரில் விமானம் என்றால் கருவறைக்கு மேலே இருப்பது. அதனால்தான் பெரியப்பா முதன்முதலாகப் பட்டுக்கடைகளுக்குப் போய், நம் ஊருக்கு விமானம் கொண்டுவரப் போகிறோம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டபோது, ஒரு கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாராம். கலசத்துக்குத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் சொன்னாராம். அன்றிலிருந்து பெரியப்பா ஏரோப்ளேன் என்றே சொல்லத் தொடங்கினார்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுக்குப் போகிற வழியில், சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன மண் ஓடுதளம் ஒன்று இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் ஒரு கமிட்டி அமைத்து, அதைச் சரிசெய்து விமானம் வரவழைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஊரில் விமானத்தைத் தொட்டுப் பார்த்திருந்தவர் என் பெரியப்பா ஒருவர்தான். சண்டையின்போது அசாம் பக்கம் ஒரு விமானத் தளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்தபிறகு அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். வானத்தில் சத்தம் கேட்டால் மட்டும் தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவிடுவார். கமிட்டி அவரை ஏரோட்ரோம் ஆபீசர் ஆக்கியது.

ஆபீசரும் அவர்தான், ஆளும் அவர்தான். புல் வெட்டுவார். எலி வளைகளை மண் போட்டு மூடுவார். எருமைகளை விரட்டுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பையைத் தானே தைத்துக் கம்பத்தில் கட்டியிருந்தார். காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். வந்த விமானம், போன விமானம் என்று அந்த நோட்டில் இரண்டு பத்திகள் இருந்தன. அவர் ஆபீசராக இருந்த மூன்று வருடமும் அவை காலியாகவே கிடந்தன. காற்று மட்டும் தவறாமல் வந்து போயிருந்தது.

பெரியம்மாவுக்கு இந்த உத்தியோகம் அறவே பிடிக்கவில்லை. தறியில் உட்கார்ந்த மனிதரை எருமை ஓட்ட அனுப்பிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொல்வார். "இன்னாங்க, இன்னிக்கி எத்தினி ப்ளேன் எறங்குச்சி? எல்லாம் நாலு கால் ப்ளேனுதானா?" என்று சோறு போடும்போது கேட்பார். பெரியப்பா, ரசம் நன்றாக இருக்கிறது என்பார். ஒரு தடவையாவது வந்து பார் என்று அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் பெரியம்மா அந்தக் களத்தில் கால் வைத்ததில்லை.

சென்னையில் சிறிய விமானங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனிக்குப் பெரியப்பா கடிதம் மேல் கடிதம் எழுதினார். நம் ஊருக்குப் பட்டுநூல் பெங்களூரிலிருந்து வருகிறது, வியாபாரிகள் ரயில் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் பெங்களூருக்கு விமானம் விட்டால் நிறையப் பேர் ஏறுவார்கள் என்பது அவர் கணக்கு. யார் யார் ஏறுவார்கள், கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்று ஒருநாள் பதில் வந்தது.

சனிக்கிழமைகளில் என்னை சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்புவார். நோட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நான் யாரிடமும் வாய் திறக்காத பெண், அதனால் அந்த வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது. ஒருவர், வாலாஜாபாத்தில் தங்கச்சி வீடு இருக்கிறது, அங்கேயும் கொஞ்சம் நிறுத்துவார்களா என்று கேட்டார். இன்னொருவர் நூல் மூட்டையை பஸ்ஸில் போல மேலே கட்டலாமா என்றார். தென்னேரிப் பக்கத்திலிருந்து வந்து நெல் மண்டி வைத்திருந்த சமண நயினார் ஒருவர் நெடுநேரம் யோசித்தார். அவர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். "எல்லாம் சரிப்பா, பொழுது சாயறதுக்குள்ள எறக்கிடுவாங்களா?" என்றார். கட்டாயம் இறக்கிவிடுவார்கள் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்து, அவர் பெயருக்கு எதிரே 'பொழுது சாயுமுன்' என்று எழுதிக்கொண்டார்.

நோட்டு நிறைந்தது. கம்பெனியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. மானேஜரும் விமானியும் ஒரு சிறிய விமானத்தில் வந்து தளத்தைப் பார்ப்பார்கள், நல்லபடியாக இறங்க முடிந்தால் விமானம் விடுவார்கள். பெரியப்பா அந்தக் கடிதத்தை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கிவிட்டால் அவர் உண்மையிலேயே ஆபீசர். இல்லாவிட்டால் கமிட்டி கலைந்துவிடும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அந்த நாட்களில் தறி வீட்டு மண்தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தளத்தில் வைக்கிற குறிகளை எனக்குச் சொல்லிக்கொடுப்பார். வேறு யாரும் கேட்கத் தயாராக இல்லை. வெள்ளைத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால், தளம் மூடியிருக்கிறது, இறங்காதே என்று அர்த்தம். "மேல இருக்கறவனுக்கு நம்ம சத்தம் கேக்காது பாப்பா. துணிதான் பேசணும்" என்றார்.

கடிதம் வந்த பிறகு பெரியம்மாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கேலி நின்றது. விமானம் வருவதற்கு முதல்நாள் அவரே தெருவில் வீடுவீடாகப் போய், வெளுத்த எட்டு முழ வேட்டிகளாகக் கேட்டு வாங்கினார். நானும் கூடப் போய்ச் சுமந்து வந்தேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, நடைபாவாடைக்கு என்றார். பெருமாள் புறப்பாட்டின்போது முன்னால் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்களே, அதுதான். "கருடசேவைக்கு விரிக்கறோமில்ல? இவங்களும் பறந்துதானே வராங்க. வெறும் மண்ணுல எறங்க வெச்சா அவருக்குத்தானே அசிங்கம்?" என்றார். வேட்டியோடு வேட்டியை வைத்து மாலை முழுவதும் தைத்தார். பெரியப்பாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. அவர் வந்து பார்த்து அசந்து போகவேண்டுமாம்.

மறுநாள் களத்தில் பந்தல், மேளம், பூரண கும்பம் எல்லாம் தயாராக இருந்தன. பெரியப்பா இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் இருந்தார். பெரியம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஆற்றுப்பக்கக் கோடியில் எருமைகள் உள்ளே புகுந்துவிட்டன. அவர் விமானத்துக்குக் காட்ட வைத்திருந்த கொடியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார்.

விமானம் வந்து நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். பெரியம்மா அங்கே போய், விமானத்துக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் இடப்பக்கம் என்றார். ஒருவர் வலப்பக்கம் என்றார். மூன்றாமவர், பஸ்ஸைப் போலப் பின்பக்கமும் இருக்கலாம் என்றார்.

"எந்தப் பக்கம் எறங்கினாலும் காலு மண்ணுல படக்கூடாது. நாலு பக்கமும் விரிச்சிடலாம்" என்றார் பெரியம்மா.

வட்டத்தை நடுவில் வைத்து நெடுக்கே ஒரு நீளம், குறுக்கே ஒரு நீளம் விரித்தோம். பறந்துவிடாமல் ஓரங்களில் கல் வைத்தவள் நான். வைக்கும்போதே மனசுக்குள் ஏதோ இடித்தது. தறி வீட்டுத் தரையில் பார்த்த கோடுகள் ஞாபகம் வந்தன. ஆனால் இது சாமிக்கு விரிக்கிற துணி ஆயிற்றே, வா என்று சொல்கிற துணி எப்படி வராதே என்று சொல்லும்? அத்தனை பெரியவர்கள் நடுவில் வாய் திறக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அடுத்த கல்லை எடுத்து வைத்தேன்.

விமானம் வந்தது. மேளம் முழங்கியது. கண்ணாடிக்குள் விமானியின் முகம் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்து வந்து, சட்டென்று சத்தம் கூடி மேலே எழும்பியது. சுற்றிவந்து மறுபடி தாழ்ந்து, மறுபடி எழும்பியது. வணக்கம் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். எல்லாரும் கும்பிட்டோம். விமானம் அப்படியே கிழக்கே திரும்பி, புள்ளியாகி, மறைந்தது.

பெரியப்பா அந்தக் கோடியிலிருந்து கொடியும் கையுமாக ஓடிவந்தார். வேட்டிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா ஓரம் மடங்கியிருந்த துணியை நீவிவிட்டுக்கொண்டே, "ஏன் போய்ட்டாங்க? நாம எதனா கொற வெச்சிட்டமா?" என்று கேட்டார்.

நான் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "பெரியப்பா, இந்தத் துணி..." என்றேன். அவர் கை என் தலைமேல் வந்து அழுத்தியது. வலிக்கிற அளவுக்கு அழுத்தியது.

"ஒரு கொறையுமில்ல. காத்து மாறிப்போச்சி. நான்தான் பையைச் சரியாப் பாக்கல" என்றார்.

கமிட்டிக்காரர்கள் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் காற்று என்றே சொன்னார். தளம் மூடியிருப்பதாகக் குறி வைத்தது யார் என்று கம்பெனி அவருக்கு எழுதிக் கேட்டது. வைத்தது நான்தான், என் தவறுதான், இன்னொரு முறை வாருங்கள் என்று பதில் எழுதினார். தபால் பெட்டியில் போடப்போன என்னிடம் அதைப் படித்துக்காட்டி, யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். தளத்துக்குப் போதிய அனுபவம் உள்ள ஆள் இல்லை, இப்போதைக்கு வருவதற்கில்லை என்று கம்பெனி கமிட்டிக்கு எழுதிவிட்டது. கமிட்டி கலைந்தது. பெரியப்பா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலைக்குப் போனார். எருமைகள் களத்துக்குத் திரும்பின.

பெரியம்மாவின் கேலியும் திரும்பியது. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். "தெருவெல்லாம் சுத்தி வேட்டி வாங்கி, கண்ணு நோகத் தெச்சி விரிச்சேன். இந்த மனுசன் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம எருமைய ஓட்டிக்கினு இருந்தாரு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு ஆத்திரமாக வரும். ஒருமுறை என் சொந்த அக்காவின் நிச்சயத்தின்போது கதை அளவுக்கு மீறிப் போயிற்று. கை கழுவப் போன பெரியப்பாவைப் பின்தொடர்ந்துபோய், ஏன் உண்மையைச் சொல்லிவிடக்கூடாது என்று கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"உங்க பெரிம்மா அன்னிக்கித்தான் மொதமொதல்ல அந்தக் களத்துக்கு வந்தா, பாப்பா" என்றார்.

இதென்ன பதில் என்று எனக்குத் தோன்றியது. கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று. சண்டையெல்லாம் பார்த்துவிட்டு வந்த மனிதர், பெண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டு பந்திக்குத் திரும்பினேன்.